அத்தையின் நெஞ்சுக்கு நீ வைத்த பெயர்

என் மகனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. பரீட்சை முடிந்ததும் பட்டணத்திலிருந்து புறப்பட்டு வருவதாக எழுதியிருக்கிறாய். நீ சொன்னபடி அத்தை தினமும் இருபது வாளி தண்ணீர் இறைக்கிறார்களா, ஆற்றுப் பாலம்வரை நடந்துவிட்டு வருகிறார்களா என்றும் விசாரித்திருக்கிறாய். இறைத்தாள். நடந்தாள். ஏழு வாரம், ஒரு நாள் தவறாமல். போன செவ்வாய்க்கிழமை காலையில் கிணற்றடியில், கயிற்றைக் கையில் பிடித்தபடியே விழுந்தாள். உயிரோடு இருக்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி நீ நிதானமாகப் படிக்கலாம். உட்கார்ந்து படி. நான் எதையும் சத்தமாகச் சொல்லிப் பழகாதவள் என்பது உனக்குத் தெரியும். எழுதும்போதுதான் எனக்குக் குரல் வருகிறது, அதனால் இது நீளும்.

இதன் ஒரு பிரதியை நம் சபைப் பெண்கள் நடத்தும் மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். உன் பெயரோ என் பெயரோ அதில் இருக்காது. நம் வீட்டில் நடந்தது இன்னும் எத்தனை வீட்டில் நடக்கிறதோ என்ற சந்தேகம்தான் காரணம். அத்தையிடம் அனுமதி கேட்டேன். "என் பேரை மட்டும் மாத்திப் போடுங்க மதினி. எஸ்தர்னு போடுங்க. பைபிள்ல வர்ற ராணி பேரு. ஒரு தடவையாச்சும் ராணியா இருந்துட்டுப் போறேன்" என்றாள். ஆகவே உனக்கு வரும் பிரதியிலும் அவள் எஸ்தர்தான். உன் அப்பாவும் கடைசியில் இரண்டு வரி சேர்ப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு வரியில் உன்னை மன்னித்துவிடுவார்.

ஜனவரியில் நீ எழுதிய கடிதமும் என் முன்னால் இருக்கிறது. அதில் ஒரு சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறாய். ஹிஸ்டீரியா. அத்தையின் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, சும்மா இருப்பதால் மனம் இப்படியெல்லாம் கற்பனை செய்கிறது, இரக்கம் காட்டினால் அதிகமாகும், கடினமான வேலை கொடுங்கள் என்று எழுதினாய். உன் கையெழுத்து அதற்குள் டாக்டர் கையெழுத்தாகத் தொடங்கியிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததுமே எனக்கு ஏதோ உறுத்தியது. பத்தொன்பது வருஷமாக டாக்டர்களின் சொற்களை நகல் எடுக்கிறவள் நான். கோடு போட்ட சொல்லை நான் எப்போதும் இரண்டு தடவை பார்ப்பேன்.

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்று உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. என் அப்பா கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரல் வைத்தவர். அவர் மகள் பி.ஏ. என்பதை எங்கள் தெரு நம்பவே ஒரு வருஷம் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் வேலை கொடுத்தார்கள். பதினோரு நாள் போனேன். கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கு என் குரல் கேட்கவில்லை. முதல் வரிசைக்குக் கேட்டது, அவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகுதான் பெண்கள் ஆஸ்பத்திரியில் பதிவேடு எழுதப் போனேன். டாக்டர் சீட்டில் கிறுக்கியிருக்கும் நோயின் பெயரைப் பார்த்துப் பெரிய நோட்டில் திருத்தமாக எழுத வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. எழுத்து புரியாதபோது பார்ப்பதற்காக, அட்டை கழன்ற ஒரு தடித்த மருத்துவ அகராதி மேஜைமேல் கிடந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அதன் கிரேக்க மூலமோ லத்தீன் மூலமோ சிறிய எழுத்தில் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நான் அதைத்தான் வாசித்தேன்.

முதலில் எனக்கு அந்தச் சொற்களிடம் பயபக்தி இருந்தது. பிறகு ஒரு நாள் செல்லூர்க்காரி ஒருத்தி வந்து, "தலை வலி மண்டையைப் பொளக்குது டாக்டரம்மா" என்றாள். சீட்டில் செஃபலால்ஜியா என்று வந்தது. அகராதியில் பார்த்தேன். செஃபலே என்றால் தலை, அல்கோஸ் என்றால் வலி. அவள் சொன்னதையே கிரேக்கத்தில் அவளிடம் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அவள் அந்தச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, தனக்கு என்னவென்று தெரிந்துவிட்ட நிம்மதியோடு போனாள். அன்றிலிருந்து நான் ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். இடியோபதிக் என்று அடிக்கடி வரும். தனக்கே உரிய துன்பம் என்று மூலம். எங்களுக்குக் காரணம் தெரியாது என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள். மலேரியா என்றால் கெட்ட காற்று. காற்று ஒன்றும் செய்யவில்லை, கொசுதான் செய்தது என்று கண்டுபிடித்து எத்தனையோ காலமாகியும் காற்றின்மேல் போட்ட பழியை ஒருவரும் இறக்கவில்லை. ஒரு தடவை வைத்த பெயர் தப்பென்று தெரிந்த பிறகும் போவதில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். கடிதத்தின் பின்பாதிக்கு அது வேண்டும்.

எல்லாச் சொல்லும் அப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மஸில் என்பதற்கு மூலம் சின்ன எலி. கையை மடக்கினால் தோலுக்குள் எலி ஓடுவதுபோல் யாருக்கோ பட்டிருக்கிறது. இதை எஸ்தரிடம் சொன்னேன். அவள் உரலில் இருந்த கையை எடுத்து மடக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு இம்புட்டுப் பெரிய எலி இருக்கு மதினி. அண்ணனுக்கு எலியே இல்ல" என்றாள். உன் அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "எல்லாம் கேக்குது" என்றார்.

இப்போது போன கிறிஸ்துமஸ் லீவில் நடந்ததற்கு வருகிறேன். நீ புதிதாக வாங்கிய ஸ்டெதாஸ்கோப்பை வந்த நாள் முதல் கழுத்திலிருந்து கழற்றவில்லை. அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கும் வருவாயா என்று உன் அப்பா கேட்டார். ஸ்டெதோஸ் என்றால் மார்பு. ஸ்கோப் என்பது பார்ப்பது. கேட்பதற்காகச் செய்த கருவிக்குப் பார்ப்பது என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அன்று மத்தியானம் விடை கிடைத்தது. சிலர் அதை மற்றவர்கள் பார்ப்பதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

எஸ்தர் முறத்தில் அரிசியோடு உட்கார்ந்திருந்தாள். நீ நாற்காலியில், உன் அப்பா எதிரே. நான் கதவோரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேசியது ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"மருமகனே, ஒன்னு கேக்கணும். நெஞ்சுக்குள்ள தறி ஓடுதுய்யா."

"தறியா?"

"ஆமா. பக்கத்து வீட்டு இருளப்பன் அண்ணே ஓட்டுனா தடக் தடக்னு ஒரே சீரா இருக்கும். எனக்குள்ள ஓட்டுறவனுக்குப் பழக்கம் பத்தல. ரெண்டு தட்டு வேகமாத் தட்டுறான், ஒரு தட்டை விட்டுர்றான், பெறகு நூலு அந்துபோன மாதிரி சும்மா நிக்கிறான்."

நீ சிரித்தாய். "நெஞ்சுல நெசவாளி யாரும் கெடையாது அத்தை. நாங்க வெட்டிப் பாத்திருக்கோம்."

"மாடிப்படி ஏறுனா மூச்சு நிக்குது. ராத்திரி ரெண்டு தலகாணி வச்சாத்தான் படுக்க முடியுது."

"கன்னமெல்லாம் செவந்து கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்க. ஒங்களுக்கு என்னா நோவு?"

அவள் சிரித்துக்கொண்டே இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நீ அவள் மணிக்கட்டைப் பிடித்து, உன் அப்பாவிடம் யுத்தச் செய்தி பேசியபடியே சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு விட்டுவிட்டாய். கழுத்தில் இருந்த குழாய் கழுத்திலேயே இருந்தது.

உன் ஜனவரிக் கடிதம் வந்த மறுநாள் அகராதியில் ஹிஸ்டீரியாவைப் பார்த்தேன். ஹிஸ்டெரா என்றால் கருப்பை. அவ்வளவுதான் போட்டிருந்தது. மிச்சத்தை முன்பு இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஒரு நாள் வேடிக்கையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்துக் கிரேக்கர்கள், கருப்பை ஒரு பிராணியைப்போல் உடம்புக்குள் அலையும், மேலே ஏறி நெஞ்சை அடைக்கும் என்று நம்பினார்களாம். பிள்ளை பெறாத, கல்யாணமாகாத பெண்ணுக்குத்தான் அது அதிகம் அலையுமாம். நம் நாட்டு வைத்தியர்கள் சூதகவாயு என்பார்கள். அவர்களும் அதே இடத்தைத்தான் குற்றம் சொல்கிறார்கள். ஆக, நீ கோடு போட்ட சொல்லின் உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. இவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் இப்படி. நீ அந்த அர்த்தத்தில் எழுதியிருக்க மாட்டாய். உனக்கு அந்த அர்த்தமே தெரிந்திருக்காது. ஆனால் சொல்லுக்குத் தெரியும்.

அகராதியை மூடிவிட்டேன். ஏன் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். உன் அத்தைக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று நீ கேட்டதில்லை. அவள் எப்போதும் நம் வீட்டில் இருந்தாள். சுவரைப்போல் இருந்ததால் நீ கேட்கவில்லை. நீ பிறப்பதற்கு நான்கு மாதம் முன்பு அவளுக்குத் திருமங்கலத்தில் ஒரு வாத்தியாரைப் பேசி முடித்திருந்தோம். நாள் குறிக்க மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர் வந்திருந்தார்கள். காப்பி கொடுக்கும்போது எஸ்தரின் இடது முன்கையில் வெளுத்திருந்த இடத்தை மாப்பிள்ளையின் தாய்மாமன் பார்த்துவிட்டார். அது சின்னதுதான், ஒரு வெற்றிலை அளவு. உன் அப்பா ஒளிக்கிற மனிதர் அல்ல. முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் காட்டி வாங்கி வைத்திருந்த சீட்டை எடுத்து நீட்டினார். சீட்டில் ஒரே சொல்லும் கையெழுத்தும். லூக்கோடெர்மா. அறையில் ஒருவருக்கும் அது புரியவில்லை. தாய்மாமன் அதைத் தலைகீழாகக்கூடப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வீட்டுல பி.ஏ. படிச்ச புள்ள இருக்கு, ஆஸ்பத்திரியில வேலை வேற பாக்குதுங்கிறீக. அதுவே சொல்லட்டும், என்னா எழுதியிருக்குன்னு."

நான் உள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. ஆண்கள் நிறைந்த ஓர் அறை என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. லூக்கோஸ் என்றால் வெண்மை, டெர்மா என்றால் தோல் என்று எனக்குத் தெரியும். வெள்ளைத் தோல். அந்தக் கிரேக்கச் சொல்லில் அதற்குமேல் ஒரு குற்றமும் இல்லை. தோல் வெளுத்திருக்கு, வேறொன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் படித்தவள் என்று கேட்கிறார்களே, சரியான தமிழ்ச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் இருந்த தமிழ்ச் சொற்பட்டியலில் அதைப் பார்த்து வைத்திருந்தேன். சொன்னேன். வழக்கம்போல் யாருக்கும் கேட்கவில்லை.

"என்னா சொல்லுது? சத்தமாச் சொல்லும்மா."

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சத்தமாகச் சொன்னேன். "வெண்குஷ்டம்."

பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் வெண் என்பது போய்விட்டது. மிச்சம்தான் அறைக்குள் விழுந்தது. வெண் கேட்டிருந்தாலும் பயனில்லை. முழுச் சொல்லிலும் அதுதானே இருக்கிறது. குஷ்டத்துக்கும் அந்த வெளுப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தொட்டால் ஒட்டாது, விரலைத் தின்னாது, வலிக்காது. யாரோ என்றோ நம் மொழியில் தப்பாக வைத்த பெயர், கெட்ட காற்றைப்போல. அந்த ஆறு பேரும் எழுந்த விதத்தை நான் கதவிடுக்கில் பார்த்தேன். ஒருவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். உன் அப்பா பின்னாலேயே ஓடி ஏதேதோ சொன்னார். வண்டி தெரு முனையில் திரும்பும்வரை எனக்கு நேரம் இருந்தது. வெளியே வந்து, அப்படி இல்லை, கிரேக்கத்தில் வேறு, என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பத்தொன்பது வருஷமாக அந்தக் காரணத்தையே சொல்லி வந்தேன். அந்தச் செய்தி அந்த ஆறு பேரோடு நிற்கவில்லை. அதன்பின் நம் வீட்டுக்குப் பெண் கேட்டு யாரும் வரவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் தன்னை மட்டும் விட்டுவிடக் கூடாது. அன்று நான் ஐந்து மாதம். என் மாமியார் இல்லாத வீடு அது. அடுப்பும் வீடும் எஸ்தர் கையில். அவள் கல்யாணமாகிப் போய்விட்டால் பிள்ளையை யார் பார்ப்பது, நான் வேலையை விடத்தானே வேண்டும் என்று அதற்கு முந்தைய வாரம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டி திரும்பியபோது என் மனதில் துக்கத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. அதற்குப் பெயர் தேடாமல் விட்டுவிட்டேன். இரண்டு சொற்கள் தெரிந்த ஒருத்தி ஏன் கெட்ட சொல்லை எடுத்தாள் என்று வேறு யாராவது எனக்குக் கதை சொன்னால், நான் அவளைச் சந்தேகப்படாமல் இருப்பேனா? அந்த வீட்டில் அன்று ஒரு கருப்பை யாருடைய புத்தியையாவது கலக்கியிருக்குமானால், அது உன் அத்தையுடையது அல்ல. அதில் நீ இருந்தாய்.

இதனால்தான் உன் சொல்லைப் பார்த்து அகராதியை மூடினேன். ஒரு சொல்லால் நான் அவளைக் கல்யாணம் ஆகாதவளாக்கினேன். இன்னொரு சொல்லால் நீ, கல்யாணம் ஆகாததுதான் அவளுக்கு நோய் என்றாய். இவ்வளவு தெரிந்தும் என்ன செய்தேன் தெரியுமா? உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சொல்லைச் சந்தேகப்பட்டேன், எழுதியவனைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. என் மகன் டாக்டராகப் போகிறான் என்ற பெருமை. நான் தினமும் போய் வரும் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போக எனக்கு ஏழு வாரம் ஆயிற்று, அதுவும் அவள் விழுந்த பிறகு. நடுவில் இரண்டு தடவை, "இருமுனா லேசா ரத்தம் வருது மதினி, மருமகன் சொன்னதுல இதுக்கு எதுவும் இருந்துச்சா?" என்று கேட்டாள். நான் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவளைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜட்கா வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். இப்போது இருக்கும் டாக்டரம்மா நம் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். எஸ்தரை இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லிக் குழாயை வைத்தார். வைத்துக்கொண்டே, "ஒங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "சொன்னா சிரிப்பீக."

"சிரிக்கல. சொல்லுங்க."

"தறி ஓடுது அம்மா. சீரா ஓடல."

"எப்படி ஓடுது? கையால தட்டிக் காட்டுங்க."

எஸ்தர் படுத்தபடியே கட்டிலின் இரும்புக் கம்பியில் விரலால் தட்டினாள். இரண்டு வேகமாக, ஒன்று விட்டு, கொஞ்சம் நின்று, மறுபடி. டாக்டரம்மா கண்ணை மூடிக் காதில் குழாயோடு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலை அந்தத் தட்டுக்கு ஏற்றபடி அசைந்தது. விட்ட இடத்தில் அவர் தலையும் நின்றது. நான் அந்த அறையில் எத்தனையோ வருஷம் எழுதியிருக்கிறேன். ஒரு நோயாளியும் டாக்டரும் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"சின்ன வயசுல மூட்டு வீங்குச்சா?"

"பன்னெண்டு வயசுல. மொதல்ல முட்டி, பெறகு முழங்கை, பெறகு மணிக்கட்டு. வீக்கம் வீடு மாத்திக்கிட்டே இருந்துச்சு."

"இவ்வளவு மூச்சு வாங்குற ஒங்களைத் தண்ணி எறைக்கச் சொன்னது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: "யாரும் சொல்லல அம்மா. நானாத்தான் எறைச்சேன். சும்மா இருக்கப் பிடிக்கல."

மகனே, இந்தக் கடிதத்தில் நீ ஒரு வரியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வாய் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும்.

சீட்டில் மைட்ரல் ஸ்டெனோஸிஸ் என்று வந்தது. நானே அதைப் பதிவேட்டில் எழுதினேன். ஸ்டெனோஸ் என்றால் குறுகலானது. மைட்ரல் என்பது பிஷப் வைத்துக்கொள்ளும் தொப்பி. இருதயத்தின் ஒரு வாசலில் உள்ள கதவு அந்தத் தொப்பியின் வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அந்தக் கதவைக் கெடுத்திருக்கிறது. வாசல் சுருங்கிவிட்டது. வேலை செய்யச் செய்ய ரத்தம் உள்ளே தேங்கி நுரையீரலில் ஏறுகிறது. நீ கல்யாணப் பெண் என்று கேலி செய்த கன்னச் சிவப்பும் அதன் அடையாளம்தானாம். இனி அவள் ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. கதவைத் திறக்க மருந்து இல்லை. தறியைக் கொஞ்சம் சீராக ஓட்ட மருந்து உண்டு. எத்தனை காலம் என்று கேட்டேன். டாக்டரம்மா, கிணற்றடியில் போன வாரங்களை யாரும் திருப்பித் தர முடியாது என்றார்.

அன்று சாயங்காலம் அந்தப் பெயரை எஸ்தருக்குச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்தது. "நம்ம சபையிலதான் பிஷப்பே கெடையாதே மதினி. என் நெஞ்சுக்குள்ள மட்டும் தொப்பி எதுக்கு?" அந்தச் சிரிப்பின் தைரியத்தில்தான் நான் திருமங்கலத்துச் சங்கதியைச் சொன்னேன். எனக்கு வேறு சொல் தெரிந்திருந்தது என்பதை, வண்டி திரும்பும்வரை நேரம் இருந்தது என்பதை, எனக்குள் இருந்த அந்த மற்றதையும். அவள் தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் பிறகு.

"எது தெரியும்?"

"நீங்க கதவுக்குப் பின்னாடி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னது. நான் அடுப்படியிலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அந்த வாத்தியாரு பொண்ணு பாக்க வந்தப்ப தாடையைத் தூக்கிக்கிட்டே பேசுனாரு. எனக்கு அம்புட்டாப் பிடிக்கல. விடுங்க."

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் உன்னைக் காப்பாற்றியதுபோல் என்னையும் காப்பாற்றினாளோ என்ற சந்தேகம் எனக்குப் போகாது. போகவும் வேண்டாம். அது என்னிடம் இருக்க வேண்டிய சந்தேகம்.

உனக்கு என்ன சொல்வது என்று மூன்று நாளாக யோசித்தேன். நீ கெட்டவன் அல்ல. நீ படித்த சொற்கள் உனக்கு இனிக்கின்றன. எனக்கும் ஒரு காலத்தில் இனித்தன. பெயர் வாயில் வந்ததும் நோய் கைக்குள் வந்துவிட்டதுபோல் இருக்கும். அந்த இனிப்பைச் சந்தேகப்படு. நீ மனப்பாடம் செய்கிற சொற்களின் உள்ளே போய்ப் பார்த்தால், எலி என்றும் தொப்பி என்றும் வெள்ளைத் தோல் என்றும்தான் இருக்கும். அவையெல்லாம் யாரோ ஒருவர் உன் அத்தையைப்போலப் பேசியவை. அப்போது பக்கத்தில் இருந்தவன் சிரிக்காமல் கேட்டு எழுதிக்கொண்டதால் அவை இன்று உன் புத்தகத்தில் இருக்கின்றன. நெஞ்சுக்குள் தறி ஓடுகிறது என்று சொன்னபோது நீ அவள் பக்கத்தில் இருந்தாய். எந்தச் சொல்லையும் எழுதும் முன்னால், இதை நோயாளியின் முகத்துக்கு நேரே அவள் மொழியில் சொல்ல எனக்குத் தைரியம் உண்டா என்று கேட்டுப் பார். எனக்கு அன்று இருக்கவில்லை. ஹிஸ்டீரியாவின் அர்த்தம் தெரிந்திருந்தால் உனக்கும் இருந்திருக்காது. தெரியாவிட்டால் தெரியாது என்று தமிழிலேயே சொல். அதற்குக் கிரேக்கம் வேண்டாம்.

நீ வந்ததும் அத்தையிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன் அவளைக் கேள். இன்று காலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பு என்ன செய்கிறது என்று கேட்டு, அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன். எனக்குக் குரல் இல்லாவிட்டாலும் நகல் எடுக்கத் தெரியும். எந்தச் சொல்லின் கீழும் நான் கோடு போடவில்லை. நீயும் போடாதே.

"மருமகனே, சொகமா. நான் எந்திரிச்சு உக்காந்துட்டேன். மருந்து கசக்குது, ஆனா தறிக்காரன் கொஞ்சம் வேலை பழகியிருக்கான். நேத்து நாலு தட்டு தட்டி ஒன்னுதான் விட்டான். மத்தியானத்துக்கு மேல கால் வீங்குது, அமுக்குனா குழி விழுகுது, குழி மெதுவாத்தான் எந்திரிக்குது. அது எதுக்குன்னு ஒங்கம்மாவுக்குத் தெரியல, நீ பாத்துச் சொல்லு. இருமல் கொறைஞ்சிருக்கு. ஒங்கப்பா தண்ணி எறைக்கிறாரு, வாளி பாதிதான் வருது. நீ சொன்னதுனாலதான் விழுந்தேன்னு நெனைச்சுக்கிட்டுப் பரீட்சையில எதையாச்சும் தப்பா எழுதிப்புடாத. வரும்போது அந்தக் குழாயைக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு வராதய்யா. காதுல மாட்டிக்கிட்டு வா."